துபாயில் இருந்த என் கணவரும் நாட்டின் பாதுகாப்பும்

விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. ஆனால் ஏறுகிறவர்களைவிட அதிகமாகச் சோதிக்கப்பட்டவள் நான்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், பெங்களூர் பழைய விமான நிலையத்தில் பெண்கள் கழிப்பறை கழுவும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். எங்கோ விமானத்தைக் கடத்தினார்கள், எங்கோ கட்டடத்தில் மோதினார்கள். அதற்கெல்லாம் பரிகாரமாக, நான் குடியிருந்த நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் வரும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைக் கிளறிப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் காவல்காரப் பெண் என் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். பெரிய மனிதர்களுக்கும் சோதனை உண்டு. "குட் மார்னிங் சார்" என்று ஒரு சல்யூட் அடித்துச் சோதித்து உள்ளே விடுவார்கள்.

நான் பயந்தாங்கொள்ளி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டாலே இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். திரைக்குள் போகுமுன் நானே என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன், ஞாபகமறதியில் குண்டு எதையாவது செருகிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று.

அதுவும் போதாமல் புது உத்தரவு வந்தது. போலீஸ் விசாரணை முடிந்தால்தான் நிரந்தர நுழைவு அட்டை. அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. "போலீஸ் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்க. எதையாவது மறைச்சீங்க, அவ்வளவுதான்" என்றார் சூப்பர்வைசர். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் என் கணவர்.

அவர் துபாயில் இருந்தார். அதாவது, எங்கள் தெருவைப் பொறுத்தவரை துபாயில் இருந்தார். உண்மையில் ஓசூரில் இன்னொருத்தியோடு இருந்தார். பெயிண்டர், ஒரு நாள் சொல்லாமல் போனவர் போனவர்தான். ஓசூர் என்பதே பிறகு அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு நான் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தால் யார் யார் கதவைத் தட்டுவார்களோ என்று நடுங்கி, "அவரு துபாய் போயிருக்காருக்கா" என்று பூக்கட்டி விற்கும் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அந்தத் துபாய் வாசலில் கட்டிய நாய்போல எங்களைக் காத்தது. தீனியும் அதிகமில்லை. அவ்வப்போது சிவாஜிநகரில் வெளிநாட்டு சோப்பு வாங்கி, "அவரு அனுப்பினாரு" என்று நாலு வீட்டுக்குக் கொடுப்பேன்.

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அரசாங்கத்திடம் பொய் சொல்லும் தைரியம் எனக்கு ஏது? ஓசூர் என்றேன், இன்னொருத்தி என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தெருவிலும் சும்மா விசாரிப்பேன் என்று அனுப்பினார்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தமிழும் கன்னடமும் கலந்த கனத்த குரல். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஏனம்மா, எதிர்வீட்டுக்காரி எப்படி?"

"தங்கம் சார். தல நிமிந்து பாக்காது" என்றார் அக்கா.

"புருஷன் எங்க?"

"துபாய்ல சார்."

"நிஜவா?"

"அய்ய, சோப்பெல்லாம் அனுப்புறாரு சார். எடுத்தாந்து காட்டவா?"

பெட்டிக்கடை அண்ணனும் துபாய் என்றார். இஸ்திரிக்காரர், "பெரிய கம்பெனி சார், ஏசி ரூமு" என்றார். சந்து முனைக்குப் போவதற்குள் என் கணவர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்.

கான்ஸ்டபிள் என் வாசலுக்கு வந்தார். "ஸ்டேஷன்ல ஓசூருன்னே. தெருவே துபாய்ங்குது. ஃபாரின்ல இருக்கிற புருஷன எதுக்கம்மா மறைக்கிறே? நீ ஏர்போர்ட்ல, அவன் துபாய்ல. என்ன சாமான் வருது?"

சந்துக்குப் பொய், சர்க்காருக்கு உண்மை என்று பிரித்துக் கொடுத்திருந்தேன். இரண்டும் சந்தித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, இத்தனை கவலைப்பட்டும்.

"அவன் விட்டுட்டுப் போனது நிஜம்னா, இந்தத் தெருவுல ரெண்டு பேர் என் முன்னாடி சொல்லணும். இல்லாட்டி இப்படியேதான் எழுதுவேன்."

மகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். நான் சந்து நடுவில் போய் நின்றேன்.

"அக்கா, அவரு துபாய்ல இல்ல. ஓசூர்ல இன்னொருத்தி கூட இருக்காரு. சார்கிட்ட சொல்லுங்க."

அக்கா கான்ஸ்டபிளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சொல்லிடட்டுமாடி?"

"சொல்லுக்கா."

"எனக்கு எப்பவோ தெரியும் சார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். வேர்க்கல்ல வாங்கிக்கினு நின்னாரு துபாய்க்காரரு."

"அந்த சோப்பு சிவாஜிநகர்ல எந்தக் கடைன்னே எனக்குத் தெரியும் சார்" என்றார் பெட்டிக்கடை அண்ணன்.

"அப்ப போலீஸ்கிட்டயே பொய் சொன்னீங்களா?"

"உங்களுக்குன்னு தனியா சொல்லல சார். எல்லாருக்கும் சொல்றதத்தான் உங்களுக்கும் சொன்னோம்" என்றார் அக்கா.

கான்ஸ்டபிளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தெருவை ஏமாற்றுகிறேன் என்று இத்தனை வருஷம் நான் பயந்து செத்தேன். தெருவோ தெரிந்தே எனக்காகப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்தது.

அட்டை வந்தது. என் கணவர் யாரோடு இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டதால் நாடு பத்திரமாயிற்று. அவர் போன புதிதில் அதே ஸ்டேஷனுக்குப் போய், "எங்க இருக்காருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்" என்று நான் அழுதபோது மட்டும் நாட்டுக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை போலும். திரைக்குப் பின்னால் அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கொண்டையை அவிழ்த்தாள்.

நான் பயந்தது கொஞ்ச நாளிலேயே நடந்தது. அடுத்த தெருவில் சீட்டுப் பிடிக்கிறவர் ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

"தனியா கஷ்டப்படுறியாமே தங்கச்சி. எதுனா வேணும்னா கூச்சப்படாம சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, அவ வூட்டுக்காரருதான் ஓசூர்ல இருக்காரு. நான் இங்கதான் கீறேன். உனக்கு இன்னா வேணும்?"

அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அக்கா விடியுமுன்னே பூ எடுக்க மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்துக்கு யார் காவல்? ஆஸ்டின் டவுனில் போய் இருப்பதிலேயே பெரிய இரும்புத் தாழ்ப்பாளை வாங்கி வந்தேன். பொருத்த வந்த ஆசாரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெருசு எதுக்கும்மா? உள்ள அப்படி இன்னா இருக்கு?" என்றார்.

"ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க. எல்லாம் எழுதி வச்சிருக்காங்க" என்றேன்.