கரையடி ஊற்று

சென்ற ஐப்பசியில், தக்கலைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில், உறவுக்காரப் பையன் ஒருவன் மீன் வளர்ப்பதற்காகக் கட்டியிருக்கும் சிறிய மண் அணையைப் பார்க்கப் போயிருந்தேன். கரையின் வெளிச்சரிவில், அடிப்பக்கம், ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. “கரை கட்டுன ராசி பெரியப்பா, இங்க ஒரு ஊத்து பொறந்திருக்கு” என்று காட்டினான். உடனே மடையைத் திறந்து தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று அவனுக்குச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் சிறுவயதில் எங்களுக்கும் அப்படி ஓர் அணை இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மறித்து, வாழைக்குப் பாய்ச்ச அப்பா கட்டியது. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சொந்த நிலம், சொந்த மண். அணை முதல்முறை நிறைந்த வருடமே கரையடியில் ஊற்றுப் பிறந்தது. அப்பா கமுகுத் தடியைப் பிளந்து, குழாய்போல் நீர் விழ அதற்குப் பாத்தி வைத்தார். அம்மா அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தாள். அம்மாவின் தம்பிக்கு அஞ்சுகிராமம். அங்கே கிணறு உப்பு. அந்த மாமா வரும்போதெல்லாம் டின்களில் ஊற்றுநீர் நிரப்பிக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமைகளில் யாரோ அங்கே விளக்குகூட வைத்தார்கள். கோடையில் அணை வற்றும்போது ஊற்றும் வற்றியது. அதைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அணைக்குக் கீழே, வாழைத்தோட்டத்தின் ஓரத்தில், மண்சுவர் வீடொன்றில் கீழ்வீட்டு மாமி இருந்தாள். சொந்தமில்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். அவள் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் கிடந்தார். எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் மாமிதான் சமையலுக்கு வருவாள்.

அக்காவைப் பெண் பார்க்க ஆட்கள் வரும் நாள் வந்தது. நல்ல மழைக்குப் பின் அணை தளும்பிக்கொண்டிருந்தது. காலையிலேயே மாமா என்னைக் கரையடிக்குக் கூட்டிப்போனார்.

“மருமவனே, சம்பந்தி ஆளுவ பாக்கும்போ ஊத்து இப்பிடி மூக்குச்சளி கணக்கா ஒழுகுனா நல்லாவா இருக்கும்? கடப்பாரைய வச்சி லேசா ஒண்ணு குத்திவிடு பாப்போம்.”

குத்தினேன். லேசாக இல்லை. கடப்பாரை வழுக்கிக்கொண்டு பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. உருவியதும் செந்நிறமாக ஒரு வீச்சு. அது கொஞ்சம் தெளிந்து, பின் என் கைத்தடிமனுக்கு விழத் தொடங்கியது. மாமா முதுகில் தட்டினார். “கைராசிக்காரன்லா நீ.”

மாப்பிள்ளையின் தகப்பனார் இரு கையாலும் ஏந்திக் குடித்தார். “கல்கண்டுல்லா! எங்க ஊர்ல தவமிருந்தாலும் குடிக்க இந்த வெள்ளம் கிட்டாது” என்றார். அப்பா அடக்கமாக நிற்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போது கீழிருந்து மாமி ஏறி வந்தாள்.

“அண்ணாச்சி, ஊத்து விட்டுவிட்டு செக்கச்செவேல்னு கலங்கில்லா வருது. என் முற்றம் முழுக்க சேறு.”

“மழைக்காலத்து ஊத்து பின்ன பாலாவா வரும்? நீ போயி பாயசத்தப் பாரு” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தாள். அடுக்களைக்குப் போகிற வழியில் என்னிடம், “அவருக்குக் கஞ்சி குடுத்தாச்சி மக்கா. இனி சாயங்காலம் போனா போதும்” என்றாள்.

இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். கரையின் நடுவில் வானம் தெரிந்தது. வாழைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. மாமியின் வீடு இடிந்து கிடக்கும் என்று நினைத்துத் தேடினேன். இடிந்த சுவர்கூட இல்லை. ஓடை திரும்பும் இடத்தில், பலாமரத்தின் கவட்டையில் கட்டில் மட்டும் செருகி நின்றது. அவரை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். மாமி பாயசக் கரண்டியோடு நின்றாள். அழவில்லை. “கதவ வெளிய கொண்டி போட்டுட்டுல்லா வந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மழை அதிகம், யார் என்ன செய்ய முடியும் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அன்று மாமா டின் நிரப்பாமல் ஊருக்குப் போனார். கடப்பாரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அக்கா கல்யாணம் அதே மாப்பிள்ளையோடு நடந்தது. மாமிக்கு எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தோம்; அப்பாவின் தரும குணத்தை ஊரே புகழ்ந்தது. நான் கல்லூரிக்குப் போகும்வரை அவள் கையால்தான் சாப்பிட்டேன். எனக்கு எப்போதும் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைப்பாள். பரிமாறும்போது சில நாள், “கொண்டி போடாம வந்திருந்தா யாராவது உள்ள போயித் தூக்கிருப்பாவ, இல்லியா மக்கா?” என்பாள். நான் மென்றுகொண்டே கேட்டிருப்பேன். பொறியியல் படித்தேன். கரையில் கசியும் நீர் கலங்கி வந்தால் மண் உள்ளேயிருந்தே கரைகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோதும் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கொண்டியைச் சுமந்துகொண்டே அவள் செத்துப்போனாள்.

இன்னொன்று உண்டு. சத்தம் கேட்டபோது பந்தியில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். இடி என்றார் சம்பந்தி. எங்கோ லாரியிலிருந்து கல் தட்டுகிறார்கள் என்றார் மாமா. அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிசைந்த சோற்றை இலையில் வைத்து, “அணை போச்சு” என்று மெல்லச் சொன்னார். வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்த அப்பாவின் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊற்று பிறந்த வருடத்திலிருந்தே அவர் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.