பச்சைக் கதவு எனக்கு!

செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்துக்குள் நான் காரைத் திருப்பியதுமே பின்சீட்டில் அண்ணன் பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். “இந்த வீடு எனக்கு!” “அது எனக்கு!”

சின்ன வயதில் இதே தெருக்களில் நானும் அண்ணனும் ஆடிய ஆட்டம். பெரிய வீட்டை முதலில் பார்த்துச் சொன்னவருக்கு ஒரு பாயிண்ட். ஜெயித்தவருக்குத் திரும்பும்போது ஜன்னல் சீட். ஒருநாள் இருவரும் சமமாக இருந்தபோது, “பச்சைக் கதவு எனக்கு!” என்று கத்தினேன்.

“லூசு, அது போன தெருவுல நான் புடிச்ச வீடுடி. இது பின்வாசல்!”

நான் நம்பவில்லை. அப்பா வண்டியை நிறுத்தியதும் குதித்து, திறந்திருந்த கதவுக்குள் ஓடினேன். உள்ளே வடகம் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், “ஏத்தா, எங்குட்டு ஓடுற?” என்றார்.

“முன்வாசலுக்கு!”

வடகத்தின் வெங்காய வாசனை, அடுப்படிப் புகை, முற்றத்து வெயில், காலை வழுக்கும் குளிர்ந்த தரை. வெளியே வந்தால் போன தெரு! அண்ணன் சொன்னது சரிதான்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். “ஒரே வீடுதான். ஆனா நீ வாசலத்தான் பாத்தே, நான் வீட்டையே பாத்துட்டேன்!”

அப்பா சிரித்துவிட்டார். “வீடு அவளுக்குத்தான்டா.”

“பச்சைக் கதவு எனக்கு!” இப்போது பின்சீட்டில் சின்னவள் கத்தினாள்.

“அது பின்வாசல், செல்லாது” என்றான் முன்சீட்டில் என் பக்கத்திலிருந்த அண்ணன். “உங்க அத்தை அன்னைக்கு ஆடுனதும் கள்ளாட்டம்தான்.”

நான் பிரேக்கை அழுத்தினேன். “எறங்கி ஓடுத்தா. கதவு தொறந்துதான் இருக்கு.”