அட்ஜஸ்ட்

1. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது.
2. நர்ஸ் வேலையை விட்டுவிடச் சொன்னார் மாமியார்.
3. அக்கா அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். "மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினு போ" என்றார் அம்மா.
4. அக்கா வேலையை விட்டாள்.

அட்ஜஸ்ட் ஓர் ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே எங்கள் திருத்தணியில் யாருக்கும் கிடையாது. நான் சென்னைக்கு வேலைக்குப் போகும் ரயிலில், மூன்று பேர் இருக்கைக்கு நான்காவதாக ஒருவர் வந்து "அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்வார்கள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிசெய்வதற்கும் அதே சொல்தான். ஒருநாள் அகராதியில் பார்த்தேன். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். பக்கத்தில் கொண்டுவருவது என்பதுதான் அதன் பழைய பொருள்.

அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நான் நகர்ந்துகினேதான்டி இருக்கேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் அசையலையே."

வேலையை விடாதே என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். போன மாதம் அவளுடைய பழைய மருத்துவமனையில், திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்த்தோம். அவள் இடத்தில் வேறு நர்ஸ் வந்துவிட்டார். அக்கா இன்னும் வேலையில்லாமல் வீட்டில்தான் இருக்கிறாள்.