பென்சில் குறிக்குக் கீழே

இருக்கை கையோடு வந்துவிட்டது.

அவர் அதை இழுக்கக்கூட இல்லை. தங்கை வாங்கிய கேரவனுக்குள், அவள் மகளின் தலைக் கிளிப் இருக்கைப் பெட்டிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அதை எடுக்கக் குனிந்தவர், எழுந்திருக்க வசதியாக இருக்கையின் ஓரத்தைப் பிடித்தார். அவ்வளவுதான். மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது. பெட்டியின் ஒரு மூலை தரையை விட்டு மேலே எழும்பி, ஆறிப்போன பாலின் ஏடு மாதிரி ஆடிக்கொண்டு நின்றது.

"என்னண்ணா, உடைச்சிட்டியா? புது வண்டிண்ணா!" என்று சின்னச் சமையல் மேடையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள்.

அவர் மறுபடி குனிந்தார். வெளியே வந்துவிட்ட ஒரு திருகாணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் மரைகளில் மரத்தூள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தது வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் மணிகள். அந்தத் திருகாணியை முடுக்கியவரே அவர்தான்.

ஊரில் அவரை எல்லாரும் 'இடுக்கு' என்பார்கள். சின்னவர்களுக்கு 'இடுக்கு அண்ணன்'. சொகுசு கேரவன் கட்டும் தொழிற்சாலையில் அலமாரிகளும் இருக்கைகளும் பொருத்துவது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய காகிதத் துண்டு இருக்கும். செய்து முடித்த ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் அதை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் கதவைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். "எங்க வீட்டுல பால் டம்ளர் மேல தட்டை மூடினாக்கூட அதுல காகிதம் போகுதான்னு பார்ப்பாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

தொழிலை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில், ஜனங்கள் தெருவோரம் தூக்கிப் போட்ட உடைந்த அலமாரிகளை வீட்டுக்கு இழுத்து வருவார். ஆணி ஆணியாகப் பிரிப்பார், திரும்பச் சேர்ப்பார். ஒட்டாததும் கோணியதும்தான் அவருக்கு வாத்தியார். கேரவன் கம்பெனி ஒரு தகரக் கொட்டகையாக இருந்த நாளில் உள்ளே போனவர், அது கண்ணாடி முகப்போடு நாலு கொட்டகைகளாகப் பெருகிய பிறகும் அதே மூலையில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அங்கே வேலை நடக்கும் விதம் இப்படி. தரை, பக்கத்துக் கொட்டகையில் தயாராகும். மேலே மரம் மாதிரியே பளபளக்கும் விரிப்பை ஒட்டித்தான் இவரிடம் வரும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க இவருக்கு வேலையும் இல்லை, வழியும் இல்லை. ஆனால் விரிப்பின்மேல் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் போட்டிருக்கும். குறிக்குக் கீழே மரக்கட்டையில் குறுக்குச் சட்டம் இருக்கிறது, இங்கே திருகாணி போடு என்று அர்த்தம். குறி போடுகிறவர் தரைக்காரர். இடுக்கு அண்ணனோடு தினமும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர், ஒருவர் டப்பாவில் மற்றவர் கை வைக்கும் அளவுக்குப் பழக்கம். அவர் குறி வைத்தால் அங்கே கட்டை இருக்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நடுவில் ஒரு நாள் திருகாணிகள் மாறின. பழையவை நெருக்கமான மரை கொண்டவை. புதியவை தடித்தும் அகன்றும் இருந்தன. முடுக்கும்போது கைக்குக் கிடைக்கும் அந்தக் கடைசி இறுக்கம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. கேட்டார். "இது எதுலயும் பிடிக்கும்ணே. தண்ணியில போட்டாக்கூடப் பிடிக்கும்" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

தங்கையின் கணவர் காற்றாலை பழுதுபார்க்கிறவர். ஒரு இடத்தில் சில மாதம், இன்னொரு இடத்தில் சில மாதம் என்று ஓடிக்கொண்டே இருப்பார். மகள் அப்பாவைப் பார்ப்பது போனில்தான். அதனால் வீட்டையே வண்டியாக்கிக் கூடவே போய்விடுவது என்று புருஷனும் மனைவியும் முடிவு செய்தார்கள். எந்த வண்டி என்று தங்கை கேட்டபோது இவர் யோசிக்கவே இல்லை. "நான் வேலை செய்யிற இடம்மா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

வாங்கினார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டிலும் பீரோவும் இவர் வீட்டுப் பின்னறையில் வந்து அடைந்தாயிற்று. நாளை மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. இப்போது கையோடு வந்திருக்கும் இந்த இருக்கைதான், ஓட்டுகிறவருக்குப் பின்னால், ஆறு வயதுப் பெண் பெல்ட் போட்டு உட்காரப்போகும் இடம்.

"மாப்பிள்ளை, பாப்பாவைக் கொஞ்ச நேரம் கடைப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று, வெளியே மகளோடு நின்றிருந்த தங்கையின் கணவரிடம் சொன்னார்.

"என்ன மச்சான், எங்களை விரட்டிட்டு அண்ணனும் தங்கச்சியும் ரகசியம் பேசப்போறீங்களா?"

"ஆமா, உங்களைப் பத்தித்தான். போயிட்டு வாங்க."

அவர்கள் தலை மறைந்ததும், கத்தியை எடுத்து விரிப்பை ஓரமாகக் கீறினார். "அண்ணா!" என்று தங்கை பதறினாள். அவர் நிறுத்தவில்லை.

விரிப்புக்குக் கீழே மெல்லிய பிளைவுட் இருந்தது, பிஸ்கட் பெட்டி மூடிக்குக் கொடுக்கும் கனத்தில். அதுவும் ஒரே பலகை இல்லை. வெட்டிப் போட்ட மிச்சத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, கம்பிப் பின் அடித்துச் சேர்த்திருந்தார்கள். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்துக்குக் கீழே தாங்க ஒன்றுமே இல்லை. அதற்கும் அடியில் தெர்மாகோல். ஓரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் இருந்தது. அடுத்தது இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டார். இல்லை. அதற்கும் அடுத்தது இருந்தது. அப்புறம் மறுபடியும் இல்லை. குளியலறை வாசல் பக்கம் விரல் பட்ட பலகை, வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஊறின ரொட்டி போலக் குழைந்தது.

அவர் வெட்டிய விரிப்பைத் திரும்பப் போர்த்தி, அதன் மேலிருந்த பென்சில் குறிகளைப் பார்த்தார். எல்லாம் தரைக்காரர் கைதான். எந்தக் குறியும் ஒரு நூலளவுகூட விலகவில்லை. பாதிக் குறிகளுக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை.

"அண்ணா, அது பாப்பா உக்கார்ற இடம்."

"தெரியும்."

"பெல்ட் போட்டுத்தானே உக்கார வைப்போம்?"

"பெல்ட்டு சீட்டைப் பிடிச்சிருக்கும்மா. சீட்டு எதையும் பிடிக்கல."

அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த மேடையும் எதன்மேல் நிற்கிறதோ என்று நினைத்தவள்போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தரைக்காரர் வீட்டுக்குப் போனார். டீ வந்தது. குடிக்கவில்லை. திருகாணியை மேஜைமேல் வைத்தார். தெர்மாகோல் மணிகள் இன்னும் அதில் ஒட்டியிருந்தன. தரைக்காரர் அதைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வண்டி?"

"என் தங்கச்சி வண்டி."

தரைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டையை எடுக்கச் சொன்னாங்க. மேல கல்லு மேடை, பெரிய ஃப்ரிட்ஜ், தோல் சோபான்னு ஏத்திக்கிட்டே போனா எடை தாண்டுது. எங்க குறைக்கிறது? கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் குறைக்க முடியும்."

"சரி. அப்புறம் எதுக்குய்யா குறி போட்ட? கட்டை இல்லாத இடத்துல எதுக்குக் குறி?"

"ஓட்டை போட்ட அச்சுப் பலகையை மேல வச்சுத்தானே குறி போடுறேன். அது பழைய பலகை. கட்டையை எடுக்கச் சொன்னவங்க பலகையை மாத்தச் சொல்லல."

"நீ சொல்லியிருக்கலாமே!"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்!" தரைக்காரருக்குக் குரல் ஏறிவிட்டது. "முடுக்குறவன் நீ. கையில பிடிக்கலன்னா முதல்ல உனக்குத்தானே தெரியணும்? காகிதத் துண்டை வச்சுக்கிட்டு ஊரையே ஆட்டி வைக்கிறவன். இடுக்கு அண்ணன் ஒண்ணும் சொல்லலையா, அப்ப சரியாத்தான் இருக்கும்னு அங்க அத்தனை பேரும் நினைச்சுக்கிட்டிருக்கோம்."

இடுக்கு அண்ணனுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இவர் அவர் குறியை நம்பியிருக்கிறார். அவர் இவர் கையை நம்பியிருக்கிறார். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு குழந்தையை உட்காரவைத்துப் பெல்ட் போட்டிருக்கிறார்கள்.

"என் தங்கச்சி வாங்கப்போறான்னு உனக்குத் தெரியுமில்ல? இனிப்புகூட வாங்கித் தின்னியே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"உனக்குச் சொன்னா மத்தவங்களுக்கும் சொல்லணும். எத்தனை பேருக்குப் போய்ச் சொல்றது? வர்ற வண்டியில யாரோட தங்கச்சின்னு எழுதியா இருக்கு?"

இடுக்கு அண்ணன் திருகாணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து வந்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்த மனிதரின் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதை வழி முழுக்க அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் காலை நேராகச் சூப்பர்வைசரிடம் போனார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். பாதிகூடச் சொல்லவில்லை, சூப்பர்வைசர் கதவைச் சாத்திவிட்டு அவர் தோளில் கை போட்டார்.

"அண்ணே, நேத்தே போன் பண்ணியிருக்கக் கூடாதா? உங்க தங்கச்சி வேற, எங்க வீட்டுப் பொண்ணு வேறயா? வண்டியை உள்ள விடுங்க. தரையைப் பிரிச்சு, எல்லாக் கட்டையும் போட்டு, சீட்டுக்கு அடியில இரும்புப் பட்டை வச்சு, ரெண்டே நாள்ல தர்றோம். நீங்களே பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க. வெளியில மட்டும் பேச்சு வேணாம். என்ன?"

"ரொம்ப நன்றி சார்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. நன்றியா சொன்னோம்? ஆனால் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது நிஜம். பாப்பா பத்திரம். கதவைத் திறந்து வெளியே வந்தார். போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தப் போனார்.

முன் முற்றத்தில் ஒரு வண்டியை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பெரிய ரிப்பன் கட்டியிருந்தது. விற்பனைப் பெண் சாவியை நீட்ட, கண்ணாடி போட்ட ஒருவர் அதை வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். அவர் மனைவி படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயோ, தரையைப் பாருங்களேன், முகம் தெரியுது!" என்று பூரித்துப் போனாள். உள்ளே ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் ஒரு சின்னப் பையன் ஏற்கெனவே ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "அப்பா, கிளம்பு! கிளம்பு!" என்று குதித்துக்கொண்டிருந்தான்.

இடுக்கு அண்ணனுக்கு அந்த வண்டியை நன்றாகத் தெரியும். போன வாரம் முடித்தது. அதன் மேல் அலமாரிக் கதவு ஒன்றை மூன்று தடவை கழற்றி மாட்டினார், காகிதம் நுழைகிறது என்று.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார். நடந்தாரா ஓடினாரா என்று பிறகு கேட்டவர்களிடம் அவரால் சொல்ல முடியவில்லை. விற்பனைப் பெண் சிரித்தபடியே குறுக்கே வந்தாள். "அண்ணே, டெலிவரி நடக்குது. அப்புறமா வாங்களேன்."

"தள்ளும்மா."

அவர் படியருகில் நின்று, அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, பையனை அந்த சீட்டுலேர்ந்து இறக்குங்க. இப்பவே. இந்த வண்டியை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

சாவியோடு நின்றவரின் முகம் சிவந்தது. "யாருங்க நீங்க? வழியில வந்து நின்னுக்கிட்டு?"

பின்னால் சூப்பர்வைசர் யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது. கொட்டகை வாசலில் தரைக்காரர் கையில் பென்சிலோடு வந்து நின்றார், அங்கிருந்து அசையவில்லை.

"அந்த சீட்டைப் போட்டவன் நான்தான் சார்" என்றார் இடுக்கு அண்ணன். "அடியில கட்டை இல்லை."

கணவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள், அந்த அம்மாள் உள்ளே ஏறிப் பெல்ட்டை அவிழ்த்து, அழ ஆரம்பித்த பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.