கழுத்தில் வைத்த பெருவிரல்

வலது பெருவிரலைத் தாடைக்குக் கீழே, வலக்கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் ஊன்றிக்கொண்டுதான் ஆழ்வாப்பிள்ளை உலக நடப்புப் பேசுவார். அமத்தும்போது குரல் சற்று அடங்கும். விரலை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஏச்சுத் தொடரும். இடக்கை மடியில் சும்மா கிடக்கும். "அதுக்கு வேலையில்லை, மாஸ்டர். விறைச்சுப்போகுது" என்பார், சோம்பேறி மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

புளியங்கூடலில் தன்னைப்போலத் தண்ணீர் மாறத் தெரிந்தவன் இல்லை என்பது அவரது அபிப்பிராயம். இறைப்பு மிசின் ஓட ஓட, மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறப்பார். அவருடைய வரம்பும் உடைவதுண்டு. உடைப்பது எப்போதும் நண்டுதான்.

தையில் தாங்க முடியாத தலையிடியோடு, சோதனைச் சாவடிகளையெல்லாம் தாண்டிக் கொழும்புக்குப் போனார். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று, வளைவில் இரத்தம் மோதி மோதி மொட்டுப்போல வீங்கியிருக்கிறதாம். வெடித்தால் ஆள் இல்லை. வலக்கழுத்தில் பெரிய குழாயைக் கட்டிவிட்டால் வீக்கத்துக்குள் ஓட்டம் தணியும். ஆனால் மற்றப் பக்கத்து இரத்தம் மூளை முழுவதற்கும் போதவேண்டும், போதாவிட்டால் இடப்பக்கம் பாரிசவாதம். போதுமா என்று பார்க்கத்தான் டொக்குத்தர் சொல்லிவிட்ட இந்த அமத்தல்.

"மிசினை நிப்பாட்டாமல் வாய்க்காலைக் கட்டினால் தண்ணி எங்கை போறது? மற்ற வரம்பு உடையாதோ?" என்று கேட்டார். நான் பட்டதாரி; தலையாட்டினேன்.

"அப்ப கட்டக்கூடாதோ?"

அதற்கும் தலையாட்டினேன்.

"அடுத்த கிழமை ஒப்பரேசன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லப்போறன்."

வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்த மனைவி மீனாம்பிகை நிமிர்ந்தார். "இஞ்சாருங்கோ, டொக்குத்தர் இடக்கையாலை எல்லோ அமத்தச் சொன்னவர்?"

"திருநீறு பூசின உடம்பிலை ஆரும் இடக்கை வைப்பினமோ? எந்தக் கையெண்டால் என்ன, கழுத்து அதுதானே?"

கழுத்து அதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஏன் இடக்கை என்று கேட்டேன்.

"அந்தாள் ஏதோ சொன்னவர். தமிழிலை சொல்ல வந்த பிள்ளை காரணத்தை விழுங்கிப்போட்டுது."

"காரணம் கிடக்கட்டும். ஒருக்கா அவர் சொன்னபடி செய்யுங்கோவன். கை தேய்ஞ்சோ போகும்?" என்றார் மீனாம்பிகை.

எங்கள் இருவரையும் ஒரே தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, இடது பெருவிரலை எடுத்து வலக்கழுத்தில் ஊன்றினார். வளவுக்கு அப்பால் யாருடையதோ மிசின் இரைந்துகொண்டிருந்தது.

"பாத்தியளே, ஒண்டும்..." என்று தொடங்கினார். விரல் கழுத்திலிருந்து வழுக்கியது. கை மடியில் விழுந்தது.

மீனாம்பிகை பாதி கட்டிய பிடியை நிலத்தில் வைத்தார். ஆழ்வாப்பிள்ளை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வலக்கையால் அதைத் தூக்கி, மறுபடியும் கழுத்தில் வைத்தார்.