பஹாரோமின் ஐந்து நட்டுச் சக்கரம்

பஹாரோமுக்குக் கிள்ளானில் ஒரு வாடகை வீடு, துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை, இருபத்தாறு வயதான ஒரு வீரா கார். மூன்றில் கார் மட்டும்தான் அவனுக்குச் சொந்தம். லீவு நாளில் அவனைத் தேடிப் போகிறவர்கள் காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். "என் தம்பின்னு எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு காலுதான். மிச்ச உடம்பெல்லாம் காருக்கு அடியில" என்பாள் அவன் அக்கா மஸ்னா. அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததே இல்லை.

கார் வாங்கிய வாரத்தில்தான் மகள் ஷஃபிகா பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றி அதில்தான் கொண்டுவந்தார்கள். அவளுக்குப் பதினொரு வயதானபோது மனைவி நோர்லைலா விவாகரத்து வாங்கிக்கொண்டு, மகளோடு குவாலா பிலாவுக்கு அப்பால் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் வீடு, நிலம், வயல் எல்லாம் பெண்வழிக்குத்தான் போகும். அங்கே மருமகனாகப் போகிற ஆம்பளையே விருந்தாளி மாதிரி. விலகிப்போனவனை யார் சீந்துவார்கள்? நோர்லைலாவும் ஜம்ரி என்று ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவரிடம் பெரிய பிக்கப் வண்டி இருந்தது. இதை பஹாரோம் மறந்த நாள் கிடையாது.

போன வருஷம் ஷஃபிகாவின் நிச்சயத்துக்கு அக்காளும் தம்பியும் இதே காரில்தான் போனார்கள். முன்சக்கரத்து பேரிங் தேய்ந்து வழியெல்லாம் ஊளையிட்டது. பயந்து பயந்து ஓட்டி, மோதிரம் போட்டு முடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். "நீங்க வர்றது ஒரு மைலுக்கு முன்னாடியே கேட்டுச்சு. ஆனா ஆளைத்தான் காணோம்" என்று நோர்லைலா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். திரும்பி வருகிற வழியில்தான் பஹாரோம் தன் மூத்த அக்காளிடம், "காக் லோங், நிக்காஹ்வுக்குப் பாரு. என் வண்டி எப்படிப் போய் நிக்குதுன்னு பாரு" என்றான்.

அப்போதே அவன் காதைத் திருகியிருக்க வேண்டும் என்று மஸ்னா பின்னால் நினைத்துக்கொண்டாள்.

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அவளையும் இழுத்துக்கொண்டு ஆ கியோங்கின் பட்டறைக்குப் போனான். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற பழைய கார்கள் அங்கே கறிக்கடை ஆடு போலக் கிடக்கும். மஸ்னா ஒரு டயர்மேல் உட்கார்ந்து, மீன் கெட்டுப்போகுமே என்ற கவலையோடு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாங், பேரிங் மட்டும் மாத்துனா போதும்லா. ஒரு மணி நேர வேலை" என்றான் ஆ கியோங். பாங் என்றால் அண்ணன்.

"பேரிங் மாத்துனா ஊளை நிக்கும். மரியாதை வருமா? அந்த வெட்டு வண்டியோட சக்கரம் மாட்டற ஹப்பைக் கழட்டி நாலு பக்கமும் போடு. சக்கரத்துக்கு நாலு நட்டு வேணாம், அஞ்சு நட்டு. அப்சர்பர், ஸ்பிரிங் எல்லாம் புதுசு. வண்டியை ரெண்டு அங்குலம் எறக்கிரு. ரிம் பெருசா இருக்கணும்."

"ஸ்பேர் சக்கரத்தை என்னா செய்வ? அது நாலு ஓட்டை."

"அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மஸ்னா காதிலும் இது விழுந்தது. என்ன ஓட்டையோ என்ன எழவோ, சீக்கிரம் கிளம்பினால் சரி என்று இருந்துவிட்டாள்.

அதே வாரத்தில் நோர்லைலாவின் ஊர் இமாம் போனில் பேசினார். தூரத்திலிருந்து வருகிற வலிகாரர்கள், அதாவது பெண்ணின் தகப்பன்மார், மகளை நிக்காஹ் செய்துகொடுக்கும் உரிமையை, சடங்கை நடத்திவைக்கும் காஜியாரிடமே எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டு சாட்சியோடு ஒரு கையெழுத்துப் போதும் என்றார். பஹாரோமுக்கு வந்ததே கோபம்! "வீடு அவங்களோடது, நெலம் அவங்களோடது, சோறு அவங்களோடது. எம்பொண்ணைக் குடுக்கற வாய் ஒண்ணுதான் என்னோடது. அதையும் எழுதிக் குடுக்கச் சொல்றாங்களா?" என்று குதித்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மஸ்னாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

நிக்காஹ் சனிக்கிழமை பதினோரு மணிக்கு. காஜியாருக்கு அதை முடித்துவிட்டு வேறு ஊரில் இன்னொரு நிக்காஹ். தாமதம் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கார் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் மஸ்னாவுக்குத் தெரிந்தது. தரையை ஒட்டி இறங்கிய வண்டி ஒவ்வொரு குழியையும் அவள் இடுப்புக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தது. விடிய விடியச் சுட்ட பஹுலு கேக் தகர டப்பாவில் மடியில் இருந்தது.

"தம்பி, இது காரா, உரலாடா? பஹுலு மாவாயிருச்சு!"

"காக் லோங், வளைவுல எப்படிப் பிடிச்சு நிக்குது பாத்தியா?"

"என் முதுகையும்தான் பிடிச்சு நிக்குது."

புக்கிட் புத்துஸ் மலையிறக்கம் தாண்டி, உலு பெண்டுலைக் கடந்ததும் சாலையில் ஒரு பள்ளம். பழைய தடித்த டயராக இருந்தால் குலுங்கிவிட்டுப் போயிருக்கும். இந்தப் புது டயரோ பெரிய ரிம்முக்கு மேலே ரப்பர் வளையல் போட்ட மாதிரி மெல்லிசு. டமார் என்றது. வண்டி இழுத்துக்கொண்டு ஓரமாய் நின்றது. மணி பத்தேகால்.

பஹாரோம் பதறவில்லை. ஜாக்கி வைத்தான், நட்டுகளைக் கழற்றினான், டிக்கியிலிருந்து ஸ்பேரை எடுத்து வந்து ஹப்பில் வைத்தான். நின்றுவிட்டான். அங்கே ஐந்து போல்ட் நீட்டிக்கொண்டிருந்தன. இவன் கையில் இருந்த சக்கரத்தில் நாலே துளை. மெல்லத் திருப்பி வைத்துப் பார்த்தான். இன்னொரு தரம் திருப்பினான்.

"திருப்பு, நல்லாத் திருப்பு. அஞ்சாவது ஓட்டை முளைச்சிரும்" என்றாள் மஸ்னா. "கியோங் அன்னைக்கே கேட்டான்லடா? நானும் கேட்டுக்கிட்டு மரம் மாதிரி உக்காந்திருந்தேனே!"

இழுவை வண்டிக்காரன் வரவே இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். வாடகை வண்டி எதுவும் போனில் காட்டவில்லை. மஸ்னா தம்பியிடம் கேட்காமலே நோர்லைலாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. "அந்தக் காரை நான் தலைமுழுகிட்டேன்னு நெனச்சேன், காக் லோங். இருங்க, ஆள் வருது."

பத்தே முக்காலுக்கு வந்து நின்றது ஜம்ரியின் பிக்கப். ஜம்ரி தலையில் சொங்கோக் தொப்பியும் இடுப்பில் சரிகை சம்பிங் துணியுமாக இறங்கி, "அஸ்ஸலாமு அலைக்கும். ஏறுங்க பாங், நேரம் இல்ல" என்றார் மரியாதையாக. அந்த மரியாதைதான் பஹாரோமைச் சுட்டது. அவன் கார்க் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"வண்டியை இப்படி விட்டுட்டுப் போனா, திரும்பி வர்றப்ப ரிம் ஒண்ணுகூட மிஞ்சாது. காக் லோங், நீ மொதல்ல போ. நான் ஏதாச்சும் வழி பண்ணி..."

மஸ்னா தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வருஷத்துப் பொறுமை அந்த ரோட்டோரத்தில் தீர்ந்துபோயிற்று.

"நான் போய் என்னடா பண்ண? நான் ஆம்பளையாப் பொறந்திருந்தா நானே அவ கையைப் பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருப்பேன்! உன்னை இங்கயே உன் அஞ்சு நட்டோட விட்டுட்டுப் போயிருப்பேன்! இந்த வாய் ஒண்ணுதான் என்னோடதுன்னு கத்துனியே, அது அங்க போகாம இங்க என்னடா பண்ணுது? எடு சாவியை! நான் இருக்கேன் காவலுக்கு. ஏறுடா வண்டியில!"

ஜம்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஹாரோம் சாவியைக் கொடுத்தான். கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி இல்லாமல் தவித்தவனுக்கு ஜம்ரி தன் கைக்குட்டையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவன் முன்சீட்டில் ஏறினான். பிக்கப் போய்விட்டது.

மஸ்னா ஒரு பக்கம் சாய்ந்த காரில், மடியில் உடைந்த பஹுலு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். இதற்கென்று தைத்த இளம்பச்சைச் சட்டை வியர்வையில் ஒட்டியது. ஷஃபிகாவின் கல்யாணச் சட்டையையும் அவள்தான் தைத்தாள், மூன்று மாதம் கண் வலிக்க வலிக்க. அதைப் பிள்ளை உடுத்தி நிற்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். யார்மேல் எரிச்சல் படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. டாஷ்போர்டை ஓங்கி ஒரு அடி அடித்தாள். கைதான் வலித்தது.

பதினொன்று பத்துக்கு போன் அடித்தது. நோர்லைலா பேசவில்லை, பள்ளிவாசல் உள்ளே போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. யாரோ இருமினார்கள். பிறகு தம்பியின் குரல் கேட்டது. மகளின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து, மஹர் தொகையையும் சொல்லி, மகளைக் கட்டிக்கொடுக்கும் வாசகத்தை ஒரே மூச்சில் திக்காமல் முடித்தான். மாப்பிள்ளையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். சாட்சிகள் "சஹ்" என்றார்கள், செல்லும் என்று. மஸ்னா முக்காட்டுத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் பஹாரோமே பேசினான். முதல் வார்த்தை ரிம்மைப் பற்றித்தான் இருக்கும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"காக் லோங், நீ எங்கன்னு புள்ள அழுவுது. ஜம்ரி திரும்ப வர்றாரு, நீ கெளம்பி வா."

"வண்டி?"

"கெடக்கட்டும். பூட்டக்கூட வேணாம். நீ வா."

இருபத்தாறு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தவள் மஸ்னா. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப் பாவி! இதைப் பத்தே முக்காலுக்குச் சொல்லியிருந்தா நானும் நிக்காஹ்வைக் கண்ணால பாத்திருப்பேனேடா!"