படுக்க முடியாத வாங்கு

சென்ற மாதம் என் மனைவியைச் சிமெந்துத் தரையில் படுக்கவைத்தேன். ஊர்காவற்றுறைப் பக்கத்தில், படகுக்குக் காத்திருக்கும் மண்டபத்தில்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் பிறந்த வீடு எழுவைதீவில். இனி அங்கேதான் இருப்பேன் என்று பிடிவாதம். அன்று காற்றுக் கடுமை. படகு பிந்தும் என்றார்கள். அவளால் நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை.

உட்கார வாங்கு இல்லையா? இருந்தது. சுவரின் முழு நீளத்துக்கும் வழவழப்பான சிமெந்து வாங்கு. ஆனால் ஓர் ஆள் அமரும் அகலத்துக்கு ஒரு தடுப்பு. உட்காரலாம்... படுக்க முடியாது.

அதே படகுக்குக் காத்திருந்த ஒரு பெண் தன் துவாயைத் தரையில் விரித்துக் கொடுத்தாள்.

"எந்த விசரன் உந்த வாங்கைக் கட்டினவன்? கோழிக்கூடு மாதிரி ஆளுக்கொரு அறை!"

என் மடியில் தலைவைத்துக் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அந்த விசரன்ரை மடியிலைதான் பிள்ளை நான் கிடக்கிறன்."

"ஐயோ ஐயா, குறை நினையாதேங்கோ!"

குறை நினைக்க எனக்கு என்ன உரிமை? மண்டபம் நான் வரைந்ததுதான். கட்டடக் கலைஞனாக வீடுகள் கட்டிச் சம்பாதித்தேன். ஆசையெல்லாம் பொது இடங்களில் — சந்தை, பஸ் தரிப்பிடம், இறங்குதுறை. குடித்துவிட்டு வருபவர்கள் வாங்கில் விழுந்து கிடப்பது என் கண்ணை உறுத்தியது. தடுப்பு வை என்று யாரும் கேட்கவில்லை. நானே யோசித்து வைத்தேன். பாராட்டினார்கள். கூட்டங்களில் அதைப் படம் போட்டுக் காட்டிப் பெருமையும் பட்டேன்.

படகு வந்ததும் அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

"இஞ்சருங்கோ, உந்தத் தடுப்புகளை உடைச்சுவிடுங்கோ. அடுத்தமுறை நான் மேலை படுக்கவேணும்."

"ஓம், உடைப்பன்."

அனுமதி கேட்டுப் போன இடத்தில், "வடிவான வேலை ஐயா, ஏன் பழுதாக்கிறியள்?" என்றார்கள். விடாமல் அலைந்தேன். போன கிழமை தடுப்புகளை உடைத்து எடுத்தார்கள். அவள் அதற்கு முன்பே போய்விட்டாள்.

நேற்று அந்த மண்டபத்தின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன். அளவு காட்டுவதற்காக அதில் மனிதர்களை வரைந்திருக்கிறேன். நிற்கிறார்கள், நடக்கிறார்கள், ஒருவர் குடை பிடித்திருக்கிறார்...

படுத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை.